மலைக்குப் பின்னால் ஒரு நாழிகை

“12.3.1999, தேனி. ஒரே பெண்ணுக்கு இரண்டு நட்சத்திரம். இரண்டையும் சொன்னது என் புரோகிராம்தான். காரணம் தெரியவில்லை.”

என் நோட்டில் அந்தத் தேதிக்கு இவ்வளவுதான் இருக்கிறது. மற்ற நாட்களில் மதியம் என்ன சாப்பிட்டேன் என்பதைக்கூட எழுதியிருக்கிறேன். அன்று எழுத உட்கார்ந்தும் கை ஓடவில்லை என்று நினைக்கிறேன்.

1996இல் தேனிக் கடைத்தெருவை ஒட்டிய ஒரு மாடியில் நானும் என் மச்சானும் கம்ப்யூட்டர் சென்டர் ஆரம்பித்தோம். அவர் என் அக்காவைக் கட்டியவர். ஆள் பிடிப்பது அவர் வேலை, மெஷினைப் பார்ப்பது என் வேலை. டைப்பிங், பயோடேட்டா, திருமணப் பொருத்தம் என்று பலகையில் போட்டிருந்தோம். வந்தவர்களில் பாதிப் பேர் பொருத்தம் பார்க்கத்தான் வந்தார்கள். ஜாதகம் கணிக்கும் புரோகிராமை நானே சி மொழியில் எழுதியிருந்தேன். ஜாதகத்தில் எனக்குப் பெரிய நம்பிக்கை அப்போதும் கிடையாது. ஆனால் கணக்கு என்று ஒன்றைப் போட்டால் அது சரியாக இருக்க வேண்டும் என்பதில் உண்டு.

1998இல் வண்ணப் படங்களோடு விண்டோஸில் ஓடும் ஜாதக மென்பொருள்கள் வந்துவிட்டன. மச்சான் அதை வாங்கலாம் என்றார். நான் என் புரோகிராமின் கறுப்புத் திரையை விடவில்லை. அதற்கு என் காரணம் பிடிவாதம் மட்டுமல்ல. சரியென்று உறுதியாகத் தெரிந்த நாற்பத்திரண்டு ஜாதகங்களை நான் சேகரித்து வைத்திருந்தேன். புரோகிராமில் ஒரு வரியை மாற்றினாலும் ஒரே கட்டளையில் நாற்பத்திரண்டையும் மறுபடி ஓட்டி, பழைய விடையோடு வரிக்கு வரி ஒப்பிடுவேன். ஓர் எழுத்து பிசகினால் திரை அந்த இடத்தில் நின்றுவிடும். மவுஸை வைத்து அழுத்திக்கொண்டிருக்கும் மென்பொருளில் இதை நாற்பத்திரண்டு முறை கையால் செய்ய வேண்டும். யாரும் செய்ய மாட்டார்கள், நானும் செய்ய மாட்டேன்.

மச்சானுக்கு ஒரு சமாதானம் இருந்தது. ஓரத்தில் ஓட்டை போட்ட தாளில், கிர்ரென்ற சத்தத்தோடு வந்தால்தான் ஜனங்கள் கம்ப்யூட்டர் ஜாதகம் என்று நம்பினார்கள். அந்த ஓரத்தைக் கிழிக்க விட மாட்டார்கள்.

1999 மார்ச் மாதத்தின் முதல் வாரத்தில் கெங்குவார்பட்டியிலிருந்து ஓர் அம்மா வந்தார். மகனுக்குப் பெண் பார்த்து முடிவாகும் நிலை. பெண் வீட்டார் கொடுத்த பயோடேட்டாவைக் கையில் வைத்திருந்தார். அதில் இருந்த பிறந்த தேதி, நேரம் காலை 10.22, ஊர் அனுமந்தன்பட்டி ஆகியவற்றைத் தட்டினேன். ஆயில்யம் என்று வந்தது. ஆயில்யத்துப் பெண் மாமியாருக்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த பேச்சு. அந்த அம்மா தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“நல்லாப் பாத்துச் சொல்லு தம்பி. அவுக பூசம்னுல்ல சொன்னாக.”

“மெஷின் தப்புப் பண்ணாதும்மா” என்றேன்.

அந்த வாக்கியத்தை நோட்டில் எழுதவில்லை. எழுதாமலே நினைவிருக்கிறது.

பன்னிரண்டாம் தேதி அந்தப் பெண்ணே வந்தார். உத்தமபாளையத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கூட அவருடைய அப்பா வந்திருந்தார். நாற்காலியைக் காட்டியும் அவர் உட்காரவில்லை. டீச்சர் இரண்டு தாள்களை என் மேஜையில் வைத்தார். ஒன்று நான் அச்சடித்தது. இன்னொன்று மஞ்சள் தடவிய பழைய கையெழுத்து ஜாதகம். அதில் பூச நட்சத்திரம் என்று இருந்தது.

“மாப்பிள்ளை வீட்ல என்ன சொல்றாக தெரியுமா சார்? எங்கப்பா ஆயில்யத்த மறைக்கிறதுக்கு சாதகத்த மாத்தி எழுதிட்டாராம். ஊரெல்லாம் சொல்லியாச்சு. எனக்குக் கல்யாணம் நின்னாக்கூடப் பரவால்ல. இந்தப் பேரோட எங்கப்பா எப்படி ரோட்ல நடப்பாரு?”

அப்பா அப்போதுதான் வாயைத் திறந்தார். “நான் எழுதல தம்பி. எழுதிக் குடுத்தத வாங்குனேன். அம்புட்டுத்தேன்.”

தைப்பூசத்தன்று பிறந்தவர் டீச்சர். பூசத்துப் பிள்ளை என்றே வீட்டில் வளர்த்திருக்கிறார்கள். வருடத்தை நான் இங்கே எழுதப் போவதில்லை, அது அவருடையது. வாக்கியப் பஞ்சாங்கமா திருக்கணிதமா என்பதுதான் இப்படிப்பட்ட தகராறில் எல்லோரும் முதலில் சொல்லும் காரணம். என் புரோகிராமில் இந்த இரண்டு கணக்கு முறையும் உண்டு. இரண்டிலும் போட்டுப் பார்த்தேன். அன்றைக்கு இரண்டுக்கும் ஒன்றிரண்டு நிமிடமே வித்தியாசம். காலை பத்தேகால் வாக்கில் பூசம் முடிந்து ஆயில்யம் தொடங்குகிறது. பத்து இருபத்திரண்டு என்றால் ஆயில்யம்தான்.

பழைய ஜாதகத்தில் மணி இல்லை, நாழிகை இருந்தது. உதயத்திலிருந்து எட்டு நாழிகை, பத்து விநாடி. ஒரு நாழிகைக்கு இருபத்துநாலு நிமிடம், அந்தக் கணக்கில் ஒரு விநாடிக்கு இருபத்துநாலு நொடி. என் புரோகிராம் நாழிகையையும் ஏற்கும். அதைத் தட்டினேன். மெஷின் அன்றைய பஞ்சாங்க உதயமான 6.42இலிருந்து எண்ணி, அதைக் காலை 9.58 என்று மாற்றிக்கொண்டு, பூசம் என்றது.

டீச்சர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஒரே மெஷினு. அவுகளுக்கு ஒண்ணு, எங்களுக்கு ஒண்ணா?”

“இது நாற்பத்திரண்டு ஜாதகம் வச்சு சரிபார்த்த புரோகிராம்” என்றேன்.

“எந்த ஊர்ச் சாதகம் சார் அதெல்லாம்?”

தேனி, பெரியகுளம், மதுரை. சொன்னேன். டீச்சர் நான் அச்சடித்த தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு மெதுவாக, “பத்து இருபத்திரண்டுன்னு பயோடேட்டால எழுதுனது நான்தான்” என்றார். பிரசவம் பார்த்த நர்சம்மா தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக் கொடுத்த சீட்டு வீட்டில் இருந்திருக்கிறது. நாழிகை எல்லாம் எதற்கு, மணியே சரி என்று அதை எழுதியிருக்கிறார். கணக்கு டீச்சர் அப்படித்தான் செய்வார். நானும் அப்படித்தான் செய்திருப்பேன்.

மறுநாள் விடிவதற்குள் கம்பம் பஸ்ஸைப் பிடித்து, டீச்சர் வீடு இருந்த அனுமந்தன்பட்டியில் இறங்கினேன். நர்சம்மாவின் சீட்டை என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. அந்நேரத்தில் ஒரு வீட்டுக் கதவைத் தட்ட முடியாது. டீக்கடையில் உட்கார்ந்தேன். சுவரில் தினசரிக் காலண்டர், அன்றைய உதயம் ஆறரை என்று போட்டிருந்தது. என் கடிகாரத்தில் ஆறே முக்கால். வெளிச்சம் நன்றாக வந்துவிட்டது, சூரியனைக் காணோம். கிழக்கே மலை மட்டும் கருப்பாக நின்றது.

“இன்னும் பொழுது கிளம்பலையா?” என்று சும்மா கேட்டேன்.

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் சிரித்தார். “தேனிப் பக்கமாண்ணே? அங்கன டயத்துக்கு வந்துரும். இங்கன மலை எந்திரிச்சு வழி விட்டாத்தேன்.”

பெஞ்சில் இருந்தவர் சேர்ந்துகொண்டார். “நம்ம டவுன் பஸ்ஸு மாதிரிதேன். பலகையில போட்டுருக்கறது ஒரு டயம், வர்றது ஒரு டயம்.”

நான் டீயைக் குடித்தேனா என்று நினைவில்லை. சூரியன் மலைக்கு மேல் வந்தபோது ஆறு ஐம்பது. டீச்சர் வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன். அப்பா வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தார். ஜாதகம் எழுதியவர் அன்று நேரத்தை எப்படிக் குறித்தார் என்று கேட்டேன்.

“எப்படின்னா? அவுக வீட்டுக் கெடியாரத்தப் பாத்துத்தேன். மலைக்கு மேல பொழுது தெரிஞ்சதும் முள்ள ஆறுக்குத் திருப்பி வச்சுருவாக. தெனமும். அதுலருந்து எண்ணுவாக.” வாயைக் கொப்பளித்தார். “ஏன் தம்பி, அது தப்பா?”

தப்பென்று எப்படிச் சொல்வது? கண்ணுக்குத் தெரிந்த உதயத்திலிருந்து எண்ணியிருக்கிறார். பஞ்சாங்கம் மலை இல்லாத உதயத்திலிருந்து எண்ணுகிறது. என் புரோகிராமும் அப்படித்தான். தை மாதத்தில் சூரியன் தென்கிழக்கில், மலை உயரமாக இருக்கும் பக்கத்தில், கிளம்பும். அன்று ஒரு நாழிகை தாமதம் என்று வைத்துக்கொண்டால் 9.58 அப்படியே 10.22 ஆகிவிடுகிறது. இரண்டு தாளும் ஒரே நொடியைத்தான் சொல்கின்றன. யாரும் எதையும் மாற்றி எழுதவில்லை.

எனக்கு வந்த சந்தோஷம் ஒரு நிமிடம் இருந்தது. வீட்டுக்குள்ளிருந்து வந்த டீச்சர் நான் சொன்னதைக் கேட்டு, விரலை மடக்கி மனதுக்குள் கூட்டினார். என்னைவிட வேகம்.

“அப்ப நான் ஆயில்யம்.”

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தவர் அதை எடுக்கவே இல்லை.

“அத விடுங்க. எங்கப்பா பொய் சொல்லலைன்னு எழுதிக் குடுங்க சார். மெஷின்ல அடிச்சுக் குடுங்க, அப்பத்தான் நம்புவாக.”

அன்று மாலையே எழுதினேன். மலை, கடிகாரம், நாழிகை என ஒரு பக்கம். “இரு பத்திரங்களும் ஒரே நேரத்தையே குறிக்கின்றன, பெண்ணின் தந்தை எதையும் மறைக்கவில்லை” என்று முடித்தேன். நட்சத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. ஓட்டைத் தாளிலேயே அச்சடித்து, ஓரத்தைக் கிழிக்காமல் கொடுத்தேன்.

நாலைந்து நாள் கழித்து கெங்குவார்பட்டி அம்மா படியேறி வந்தார். கையில் அந்தத் தாள்.

“பெரிய மனுசன ஏசிப்புட்டேன். அவுக வீட்டுக்குப் போயி மன்னிப்புக் கேட்டுட்டுத்தேன் வர்றேன்” என்றார். பிறகு, “ஆனா இதப் படிச்சதுல இன்னொண்ணும் தெரிஞ்சு போச்சே தம்பி. ஆயில்யம் உறுதிங்குற.”

“நான் அப்படி எழுதலையேம்மா.”

“எழுதாட்டி எனக்குப் புரியாதாக்கும்?”

சம்பந்தம் நின்றுவிட்டது. அப்பாவின் பேர் திரும்பி வந்தது. அந்த அம்மாவே கடைத்தெருவில் நாலு பேரிடம் சொன்னதாக மச்சான் கேட்டுவந்து சொன்னார். டீச்சர் கேட்டதும் அதைத்தான். அதோடு நான் விட்டிருக்கலாம்.

ஏழு நிமிடம். பத்தேகாலுக்கும் பத்து இருபத்திரண்டுக்கும் இடையில் அவ்வளவுதான் இருந்தது. ஒரு நாழிகை தாமதம் என்று நான் வைத்துக்கொண்டது, விடை சரியாக வருகிறதே என்பதற்காக. சோதனையில் விடையை முதலில் பார்த்துவிட்டுக் கணக்கைப் பிறகு போடுவதைவிடப் பெரிய தவறு கிடையாது. மற்றவர்கள் செய்தால் நான் சிரிப்பேன்.

அந்த வருடம் முழுவதும் கம்பம் பக்கத்து ஜாதகங்களாகத் தேடினேன். மணியும் நாழிகையும் இரண்டும் குறித்திருந்தவை பதினேழு கிடைத்தன. பெரும்பாலானவை ஒரே திசையில் விலகின. மார்கழி, தையில் அதிகம், ஆனியில் மிகக் குறைவு. என் நாற்பத்திரண்டும் ஏன் தேறின என்று அப்போது விளங்கியது. அவை எல்லாம் சூரியன் நேரத்துக்கு வரும் ஊர்களில் பிறந்தவை. நானும் அப்படிப்பட்ட ஊர்க்காரன்.

2000 ஜனவரியில், தை பிறந்ததும், ரேடியோ மணிக்குத் திருப்பிய கடிகாரத்தோடு அனுமந்தன்பட்டியில் மூன்று நாள் காலையில் நின்றேன். முதல் நாள் மேகம். மற்ற இரண்டு நாளும் தெருவில் நான் நின்ற இடத்தைப் பொறுத்து, தென்னந்தோப்பு மறைப்பதையும் சேர்த்து, தாமதம் பதினைந்து நிமிடத்திலிருந்து இருபத்தைந்து வரை மாறியது. பதினைந்து என்றால் 10.13, பூசம். இருபத்தைந்து என்றால் 10.23, ஆயில்யம். அந்தத் தோப்பு டீச்சர் பிறந்த வருடம் இருந்ததா என்று கேட்டதற்கு, தோப்புக்காரர் “அதெல்லாம் யாரு கண்டா” என்றார்.

மிச்சம் இருந்தது நர்சம்மாவின் கைக்கடிகாரம். அவர் ஓய்வு பெற்று மலையாளக் கரைக்குப் போய்விட்டார். டீச்சரிடம் கேட்டு வாங்கிய ஒரு பழைய விலாசத்துக்கு எழுதினேன், கடிதம் திரும்பி வந்தது. அவரோடு வேலை பார்த்த ஒருவரை உத்தமபாளையத்தில் பிடித்தேன். “அந்தம்மா வாட்ச்ச எப்பவும் பத்து நிமிசம் கூடத்தேன் வச்சிருப்பாக. கடைசி பஸ்ஸு தவறிட்டா எங்கன போய்ப் படுக்கிறது?” என்றார். கம்பத்தில் மருந்துக்கடை வைத்திருந்தவரோ, அவர் ரேடியோ கேட்டுத் தினமும் மணி திருப்புவார், அத்தனை சுத்தம் என்று சத்தியம் செய்தார். பத்து நிமிடம் கூட என்றால் டீச்சர் பிறந்தது பத்து பன்னிரண்டுக்கு. பூசம்.

புரோகிராமை மாற்றினேன். நாழிகை என்று கொடுத்தால், பஞ்சாங்க உதயமா, மலைக்கு மேல் பார்த்த உதயமா என்று கேட்கும். நட்சத்திரம் மாறும் எல்லைக்குப் பத்து நிமிடத்துக்குள் வந்துவிட்டால், “உறுதியாகச் சொல்ல இயலாது” என்று அச்சடிக்கும். அதுவரை நான் எழுதியவற்றில் எனக்குப் பிடித்த வரி அதுதான். வந்தவர்களுக்குப் பிடிக்கவில்லை. “இதச் சொல்றதுக்கு எதுக்குப்பா கம்ப்யூட்டரு? எங்க வீட்லயே சொல்லுவாகளே” என்றார் ஒருவர். மச்சான், “மாப்ள, கடையத் தொறந்து வச்சுக்கிட்டு கடை இல்லேங்குறியே” என்றார். 2001இல் அவர் வண்ண மென்பொருளை வாங்கிப் பக்கத்து மேஜையில் வைத்தார். அது எல்லாவற்றையும் உறுதியாகச் சொன்னது. கூட்டம் அந்த மேஜைக்குப் போயிற்று.

டீச்சரின் கல்யாணப் பத்திரிகை 2002இல் தபாலில் வந்தது. வேறு மாப்பிள்ளை. ஓரத்தில் பேனாவால் எழுதியிருந்தார்: “இவங்க வீட்டில் சாதகம் பார்க்கவில்லை. அப்பா நலம். நீங்களும் அந்த வாட்ச்சை விட்டுவிடுங்கள் சார்.”

விடவில்லை. நாற்பத்திரண்டோடு அந்தப் பதினேழையும் சேர்த்து, 2010இல் இதை எழுதும்போதும் அந்த ஐம்பத்தொன்பது ஜாதகங்கள் என்னிடம் இருக்கின்றன. டீச்சருடையதை அதில் சேர்க்கவில்லை. சரியென்று உறுதியாகத் தெரிந்தவைதான் அதில் இருக்க வேண்டும். அந்தத் தை மாதக் காலையில் நர்சம்மாவின் கடிகாரம் பத்து நிமிடம் கூட வைக்கப்பட்டிருந்ததா என்பது இந்தத் தேதி வரை சரிபார்க்கப்படவில்லை.