இசைப்பெட்டிக்கு வைத்த பொட்டு

நான் முதலில் வாங்கிய இசைப்பெட்டி பாடாது. உள்ளே பித்தளை உருளையில் இருந்த முட்களில் பாதி உதிர்ந்துபோயிருந்தன. அதன் மரப்பெட்டிக்காகத்தான் வாங்கினேன். மூடிக்கும் முன்பக்கத்துக்கும் மட்டும் நல்ல மரத்தகடு ஒட்டியிருந்தார்கள். மற்றப் பக்கங்களில் மலிவான பலகை. அதன்மேல் நல்ல மரத்தின் வரிகளைத் தூரிகையால் கீறிவிட்டிருந்தார்கள். சுவரோடு நிற்கிற பக்கத்தை யார் பார்க்கப்போகிறார்கள் என்ற நினைப்பு. நூறு வருஷத்துக்கு முந்திய சுவிஸ்காரனும் எங்கள் ஆட்களைப் போலத்தான் யோசித்திருக்கிறான் என்று எனக்கு அதில் ஒரு ஒட்டுதல் வந்துவிட்டது.

எண்பதுகள் முடிகிற காலம். லண்டனில், பிளேஸ்டோவில் அண்ணையும் அண்ணியும் இருந்த வீட்டில் மேலறை எனக்கு. அண்ணை அப்டன் பார்க்கில் ஒரு தமிழ்க் கடைக்கு வான் ஓட்டினார். நான் கல்லூரியில் கணக்கியல் படித்துக்கொண்டு, பின்னேரங்களில் பெற்றோல் ஷெட்டில் நின்றேன். ஞாயிறு காலையில் பழஞ்சாமான் சந்தைகளுக்குப் போய்விடுவேன். ஊரிலிருந்து வந்த ஆட்கள் முதலில் கட்டில் வாங்குவார்கள், பிறகு டிவி வாங்குவார்கள், இவன் மட்டும் வெள்ளைக்காரன் எறிந்த பாட்டுப்பெட்டி வாங்குகிறான் என்று அண்ணை வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

இசைப்பெட்டி சேர்க்கிறவர்கள் ஒரு தேவாலய மண்டபத்தில் கூடுவார்கள். அங்கேதான் லெய்டன்ஸ்டோனில் இருந்த அந்த அம்மாவைக் கண்டேன். அவருடைய கணவர் ஆயுள் முழுக்கப் பெட்டிகள் சேர்த்தவர். முந்திய வருஷம் இறந்துபோயிருந்தார். வியாபாரிகள் வந்துவந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கையில் போனால் உள்ளே இருப்பதைக் கழற்றி ஒருவனுக்கும், மரப்பெட்டியை நகைப்பெட்டி என்று இன்னொருவனுக்கும் விற்றுவிடுவார்கள் என்பது அவருடைய பயம். எல்லாமே ஒரு வீட்டுக்குப் போகவேண்டும் என்று நினைத்தார். படிப்பு, வீடு, அண்ணையின் வான் என்று என்னிடம் இரண்டு மூன்று தடவை பேசிப் பார்த்த பிறகு, வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு பெட்டியைத் தந்து, கொஞ்ச நாள் வீட்டில் வைத்திருந்து கொண்டுவரச் சொன்னார். அது திரும்பி வருகிற விதத்தைப் பார்த்து, மற்றவற்றை எனக்கு ஏலுமான விலைக்குத் தருவதா என்று முடிவு சொல்வாராம்.

தரும்போது சொன்னது இரண்டே புத்திமதி. பாட்டு நடுவில் நிற்கும்போது பெட்டியைத் தூக்கக் கூடாது. உருளையின் முள், ஓசை எழுப்புகிற எஃகுச் சீப்பின் பல்லை உடைத்துவிடும். மூடியில் தண்ணீர் படக் கூடாது. அந்த மினுக்கம் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசியது, ஈரம் நின்றால் வெள்ளை பூத்துவிடும்.

அந்த மூடியைப் பற்றிச் சொல்லவேண்டும். கருஞ்சிவப்பு மரத்தில் மஞ்சள் மரத்துண்டுகளாலும் சிப்பியாலும் பதித்த ஒரு கொடி, நடுவில் வீணை மாதிரி ஒரு சின்ன வாத்தியம். அண்ணிக்கு அது நன்றாகப் பிடித்துக்கொண்டது. வேலைக்குப் போகுமுன் ஒருக்கால், வந்த பிறகு ஒருக்கால் சாவி கொடுத்துக் கேட்பார். இது என்ன சாமான் என்று கேட்டபோது வாத்தியம் என்று சொன்னேன். அது தானாக வாசிக்கிற வாத்தியம் என்றும் சொன்னேன்.

சரஸ்வதி பூசையன்று கல்லூரி முடிந்து வந்தால், முன்னறையில் படத்துக்குக் கீழே என் பாடப் புத்தகங்கள், கால்குலேட்டர், அண்ணியின் தையல் கத்தரிக்கோல், சாவிவளையத்தோடு வானின் மேலதிகத் திறப்பு. நடுவில் இசைப்பெட்டி. மூடியில், சிப்பி வாத்தியத்தின்மேல், குழைத்த சந்தனத்தில் பெரிய பொட்டு. சந்தனம் இன்னும் ஈரமாக இருந்தது.

“அண்ணி, இது எங்கட இல்லை, ஆற்றையோ சாமான். தண்ணி படக்கூடாது எண்டு சொல்லித் தந்தவ.”

“ஆற்றை எண்டாலும் வாத்தியம்தானே. நீர்தானே சொன்னனீர். உம்மட புத்தகத்துக்குப் பக்கத்தில வேற என்னத்தை வைக்கிறது?”

“துடைச்சுப்போட்டுத் திரும்ப வைக்கிறன்.”

“தொடாதையும் தம்பி. பூசையில வைச்சதை நாளைக்குக் காலமைதான் எடுக்கலாம்.”

அண்ணை சோபாவில் சாய்ந்தபடி, அது ஓடிவிடாது, விடு என்றார்.

நான் கையை எடுத்துவிட்டேன். எங்கள் குடும்பத்தில் பூசைக்கு வைக்கிற அளவுக்குப் புத்தகம் வந்ததே என்னோடுதான். அதற்கு முன் மண்வெட்டியும் கத்தியும்தான் வைத்தார்கள். அந்தப் புத்தகங்களை அடுக்கும்போது அண்ணிக்கு முகத்தில் ஒரு பெருமை இருக்கும். அதற்கு முன்னால் ஈரத்துணியும் கையுமாக நிற்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இரவு சாப்பிடும்போது, அந்த அம்மாவின் வீட்டு அலுமாரிகளில் வரிசையாக இருந்த பெட்டிகள் ஒவ்வொன்றாக வியாபாரியின் வண்டியில் ஏறுவதுபோலவே தோன்றிக்கொண்டிருந்தது.

விஜயதசமி காலை, தேவாரம் முடிந்ததும் அண்ணியே காய்ந்த சந்தனத்தை மெதுவாகத் தட்டி எடுத்தார். கீழே பால் சிந்தியதுபோல ஒரு வெள்ளை வட்டம். உலர்ந்த துணியால் துடைத்தேன், பஞ்சால் துடைத்தேன். அப்படியே இருந்தது. பெட்டியைத் திருப்பிக் கொடுக்கிறதாகச் சொன்ன நாளும் அதுதான்.

அண்ணி வட்டத்தை விரலால் ஒருக்கால் தடவிப் பார்த்தார். பிறகு உள்ளே போய்க் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார்.

“நானும் வாறன்.”

“நீங்கள் என்னத்துக்கு?”

“பொட்டு வைச்சது நான். நீர் போனால் இங்கிலீஷில சுத்தி வளைச்சுக்கொண்டு நிப்பீர்.”

பஸ்ஸில் பெட்டியைப் போர்வையால் சுற்றி மடியில் வைத்திருந்தேன். அண்ணியின் மடியில் பூசைக் கடலையும் அவலும் ஒரு டப்பாவில் இருந்தன. வழி நெடுக, கட்டுரைக்கு எழுதுகிற மாதிரி நீளமான ஒரு ஆங்கில வாக்கியத்தை மனதுக்குள் திருத்திக்கொண்டு வந்தேன்.

அந்த அம்மாவின் வீட்டில் அதைப் பாதிவரைதான் சொன்னேன். அண்ணி போர்வையை விலக்கி, வெள்ளை வட்டத்தில் விரலை வைத்தார்.

“ஐ டிட். நொட் ஹிம்.” கொஞ்சம் யோசித்து, “கோட் டே. மியூசிக், கோட். ரெஸ்பெக்ட்,” என்று சாமி கும்பிடுகிற மாதிரிக் கைகூப்பிக் காட்டினார்.

அந்த அம்மா கண்ணாடியை மாட்டிக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து உள்ளே போனார். சமையலறையில் அலுமாரிக் கதவுகள் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது.

“பொலிசுக்குப் போன் அடிக்கப் போறாவோ?” அண்ணி கிசுகிசுத்தார்.

“இல்லை அண்ணி.”

“அப்ப ஏன் உள்ளுக்குப் போனவ?”

நான் போர்வையை மடிக்கத் தொடங்கினேன்.

திரும்பி வந்தபோது அவர் கையில் ஒரு சின்னப் போத்தலும் பழைய துணியும் இருந்தன. துணியை உருண்டையாகச் சுருட்டி, ஸ்பிரிட்டில் பட்டும் படாமலும் தொட்டு, மூடியில் விசுக்கு விசுக்கென்று இழுத்தார். கண்ணாடியில் ஊதிய மூச்சு கலைவதுபோல வட்டம் சுருங்கிச் சுருங்கிப் போய்விட்டது. சிப்பி வாத்தியம் பழையபடி மினுங்கியது. அண்ணி என் முழங்கையைப் பிடித்திருந்த பிடியை அப்போதுதான் விட்டார்.

கணவர் தேத்தண்ணிக் கோப்பையை வைக்காத பெட்டி இந்த வீட்டில் ஒன்றுகூட இல்லை என்றார் அந்த அம்மா. கலியாணம் கட்டிய காலம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் அவரைத் திட்டிக்கொண்டே இந்த வட்டங்களை அழித்திருக்கிறார். கணவர் போன பிறகு போத்தலைத் திறக்க வேலை இருக்கவில்லையாம். அதைச் சொல்லிவிட்டு மூடியில் இழுத்த துணியை மடித்து, மடித்ததைத் திரும்பவும் மடித்தார்.

பிறகு, எந்தப் பாட்டு பிடித்தது என்று அண்ணியிடம் கேட்டார். அண்ணிக்குப் பாட்டின் பெயர் எங்கே தெரியும்? வாயைத் திறந்து பெட்டியின் மூன்றாவது பாட்டை முனகினார். அந்த மெட்டில் இல்லாத வளைவுகளெல்லாம் அண்ணியின் தொண்டையில் புதிதாக வந்தன. அந்த அம்மா தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டுச் சத்தமாகச் சிரித்தார். வந்த வியாபாரிகளில் ஒருவன்கூடச் சாவி கொடுத்து ஒரு பாட்டையாவது முழுக்கக் கேட்கவில்லை என்றார். என் பக்கம் திரும்பி, எல்லாப் பெட்டிகளையும் ஏற்ற உன் அண்ணனுடைய வான் எந்த நாளில் வரும் என்று கேட்டார்.

அண்ணிதான் சொன்னார்: “சண்டே.”

போத்தலும் பெட்டிகளோடு வரும், உங்கள் வீட்டில் அது தேவைப்படும்போலத் தெரிகிறது என்றார் அந்த அம்மா. கடலையை ஒவ்வொன்றாக எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டுதான் அதைச் சொன்னார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் மடி பாரமில்லாமல் இருந்தது. அத்தனை பெட்டியையும் எங்கே வைக்கிறது என்று அண்ணி கேட்டார். கட்டிலுக்குக் கீழே கொஞ்சம், கட்டிலை எடுத்துவிட்டால் இன்னும் கொஞ்சம் என்றேன். அண்ணையிடம் நீரே சொல்லும் என்றார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் நித்திரையாகிவிட்டோம். கண் விழித்தபோது பஸ் எங்கள் இடத்தைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தது. இறங்கி நடந்தே வந்தோம். அண்ணி வழி நெடுக அந்த மூன்றாவது பாட்டை முனகிக்கொண்டு வந்தார்.