மலையைத் தெரியாத கருவி

கப்பல்துறைக்குப் போன பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்தவர், ஒருகாலத்தில் விமானக் கருவிகள் திருத்தியவர். பஸ் சரியும்போதெல்லாம் கையிலிருந்த தண்ணீர்ப் போத்தலை நிமிர்த்திப் பிடித்தார்.

"விமானி கைவிட்டாலும் விமானம் தானாகப் போகுமாமே?" என்று கேட்டேன்.

"ஓம். கருவிக்குள்ள ஒரு சக்கரம் சுத்தும். விமானம் சரிஞ்சாலும் அது சரியாது. அதை வச்சுத்தான் விமானத்தை நிமிர்த்தி, குடுத்த உயரத்தில கொண்டுபோகும். முன்னால மலை இருக்கெண்டு அதுக்குத் தெரியாது."

ஒரு விமானம் அப்படித்தான் மலையில் மோதியதாம். பிழையான உயரத்தைக் கொடுத்தவர் விமானி. பழி கருவியைத் திருத்திய இவர்மேல் விழுந்தது, வேலையும் போனது.

"அந்த விமானியின்ர மனிசி எங்கட ஒழுங்கையில, நாலு வீடு தள்ளித்தான் இருக்கிறா. என்னைக் கண்டால் காறித் துப்புவா."

"உண்மையைச் சொல்லியிருக்கலாமே?"

"செத்தவன்ர பிழையை அவவுக்குச் சொல்லி என்ன செய்ய?"

என் முகத்தைப் பார்க்காமலே இறங்கிப் போனார். அவரை மெச்சுவதா, அவருக்காகக் கோபப்படுவதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.