அத்தை பிறந்த வீட்டு நோய்

என் மாமியார் எனக்கு அத்தை. நைனாவின், அதாவது என் அப்பாவின், கூடப்பிறந்த அக்கா. சொந்தத்தில் கட்டினால் ரத்தம் வெளியே போகாது என்று அடம்பிடித்துத்தான் என்னைத் தன் மகனுக்கு எடுத்தாள். கல்யாணமான ஆறாம் வருடம் எனக்கு முடக்குவாதம் வந்தது. விரல் மூட்டுகள் வீங்கி, நகரியில் எங்கள் பவர்லூமில் அறுந்த இழையை முடிச்சுப் போடக்கூட முடியாமல் போனது. அன்றோடு அந்த ரத்த உறவு அவளுக்கு மறந்துவிட்டது.

"எல்லாம் அவங்க அம்மா வழி. எங்க வூட்ல யாருக்குக் கீது இந்த நோவு?" என்று தறிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதோடு விட்டிருந்தால் பொறுத்திருப்பேன். என் தங்கையைப் பெண் கேட்டிருந்த புத்தூர் வீட்டாரிடமும் போய்ச் சொன்னாள். யோசித்துச் சொல்கிறோம் என்று அவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். என் அம்மா அழுதாள். நான் அழவில்லை. அதே வாசலில் இவளை நிறுத்தி, சொன்ன வாயாலேயே இல்லை என்று சொல்ல வைக்கிறேன் என்று கறுவிக்கொண்டேன். கறுவுவதற்கு விரல் தேவையில்லை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை திருப்பதியில் டாக்டரைப் பார்க்க வேண்டும். அந்த முறை என் கணவரால் தறியை விட்டு வர முடியவில்லை. அத்தை துணைக்கு வந்தாள். குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு, கண் வறட்சி, தோலில் வெள்ளைத் திட்டு உண்டா என்று டாக்டரம்மா தெலுங்கில் கேட்டார். அத்தை முந்திக்கொண்டு என் அம்மா வழியை ஆரம்பித்தாள்.

நான் அவள் பையைத் திறந்து தைராய்டு மாத்திரையையும் கண்ணுக்கு விடும் சொட்டு மருந்தையும் எடுத்து மேசைமேல் வைத்தேன். பிறகு அவளுடைய முழுக்கை ரவிக்கையை முழங்கைக்கு மேல் ஏற்றினேன். இத்தனை வருடமாக ஊருக்குக் காட்டாமல் மறைத்த வெள்ளைத் திட்டு அங்கே இருந்தது. இழுத்து ஏற்றியதில் என் விரல்கள் வலித்தன. அப்படி ஒரு சுகமான வலியை நான் அனுபவித்ததே இல்லை.

உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே உடம்பைத் தாக்கும் நோய்கள் இவை என்றார் டாக்டரம்மா. இவற்றுக்குப் பின்னால் சில மரபணுக்கள் பொதுவாக இருப்பதால், ஒரே குடும்பத்தில் ஒருவருக்கு மூட்டிலும் இன்னொருவருக்குத் தோலிலும் வரலாமாம். அந்த மரபணுக்கள் இருப்பவர்களுக்கெல்லாம் வந்தே தீரும் என்றில்லை, அம்மா வழியிலும் வரலாம், அப்பா வழியிலும் வரலாம், யார் மேலும் குற்றம் சொல்லக் கூடாது என்றும் சொன்னார். எனக்கு வேண்டியதை மட்டும் நான் காதில் வாங்கிக்கொண்டேன்.

திரும்பும் பஸ்ஸில் அத்தை ரவிக்கைக் கையை மணிக்கட்டு வரை இழுத்து விட்டுக்கொண்டே வந்தாள்.

"புத்தூர்ல எறங்கலாம் அத்த. நீயே சொல்றியா, இல்ல தறிக்கூடத்துல எல்லாருக்கும் உன் கையக் காட்டட்டுமா?"

"இம்மாம் வஞ்சமாடி உனுக்கு?"

"ஆமா" என்றேன்.

இறங்கினாள். மாப்பிள்ளை வீட்டில் உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றபடியே சொன்னாள்.

"அன்னிக்கு நான் சொன்னது தப்பு. அவங்க அம்மா வழியில ஒன்னும் இல்ல. இது நான் பொறந்த வூட்டு நோவு. எனக்கே கீது."

என் வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. தலைகுனிந்து நின்ற அவளை ஆசை தீரப் பார்த்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "அப்ப சின்னவளும் உன் தம்பி பொண்ணுதானம்மா?" என்றாள்.

அத்தை என்னைப் பார்த்தாள். வந்தே தீரும் என்றில்லை என்று டாக்டரம்மா சொன்னதை நான் அவசர அவசரமாகச் சொல்ல ஆரம்பித்தேன். அந்த அம்மா அதற்குள் எழுந்து உள்ளே போய்விட்டாள். திரும்பி வந்து தங்கையின் ஜாதகத்தை என்னிடம் நீட்டினாள். அதைப் பிடிக்க என் விரல்கள் மடங்கவில்லை. அத்தைதான் கைநீட்டி வாங்கிக்கொண்டாள்.