பட்சி வீட்டுப் பக்ஷி

கடல் கடந்து வந்து எல்லர்ஸ்லியில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் சம்பளப் பிரிவுக்கு மேலாளர் செல்வராஜ். அவருடைய அறைக்குள் போனவர் யாரும் அவர் வம்சப் பெருமையைக் கேட்காமல் வெளியே வந்ததில்லை. ஆற்காட்டு நவாபின் படைக்குச் சம்பளம் பட்டுவாடா செய்த அதிகாரிக்கு பக்ஷி என்று பெயராம். இவருடைய முன்னோர் அந்தப் பக்ஷிகளாம். ஆரணிப் பக்கம் அவர்கள் வீட்டையே பக்ஷி வீடு என்றுதான் சொல்வார்களாம். இத்தனை ‘ஆம்’களையும் எங்கள் பெரிய அதிகாரி கிரெக் நேர்முகத் தேர்வில் அப்படியே விழுங்கினார். தலைமுறை தலைமுறையாகச் சம்பளம் போடும் குடும்பம் என்றதும் ஆள் சொக்கிப்போய் வேலையைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

பீற்றிக்கொள்ளட்டும், எனக்கென்ன. ஆனால் அவர் எதைப் பெருமையென்று நினைத்தாரோ, அதைத்தான் எனக்குப் பொறுக்காது. பக்ஷி பதவி திறமைக்குக் கிடைத்ததல்ல, திவானின் தயவில் கிடைத்தது என்பார். படையில் இல்லாத சிப்பாய்களுக்கும் பக்ஷி சம்பளம் வாங்குவார், அவர்கள் காகிதத்தில் மட்டும் அணிவகுத்து நிற்பார்கள் என்பார். சொல்லிவிட்டு, எப்படி நம்ம ஆளுங்க என்பதுபோல் புருவத்தை உயர்த்துவார். வெட்கம் என்ற ஒன்று அவர் பக்கமே வந்ததில்லை.

சம்பளம் போடத் தெரியுமா என்றால், அதுவும் தெரியாது. விடுமுறைச் சம்பளக் கணக்கில் யாராவது சந்தேகம் கேட்டால் தமயந்தியிடம் அனுப்பிவிடுவார். தமயந்தி யாழ்ப்பாணத்துக்காரி. பிரிவின் வேலை முழுக்க அவள் தலையில்தான். குழுத் தலைவர் பதவி காலியானபோது, அது கிடைத்தால் அவள் இங்கேயே நிரந்தரமாகத் தங்கும் ரெசிடென்ஸுக்கு விண்ணப்பிக்கலாம் என்று இருந்தது. கிடைக்காவிட்டால் மார்ச்சில் விசா முடிந்து, இங்கே பள்ளிக்கூடம் போகும் மகளைக் கூட்டிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான்.

செல்வராஜ் அந்தப் பதவியை அகிலுக்கு என்று முடிவு செய்திருந்தார். அகில் தமிழ்ச் சங்கத் தலைவரின் மகன். செல்வராஜுக்குச் சங்கப் பொருளாளர் நாற்காலி மேல் கண். வீட்டிலிருந்து வேலை செய்கிறான் என்ற பெயரில் அகில் ஏற்கெனவே எங்கள் பிரிவில் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தான். அவன் முகத்தை அலுவலகத்தில் ஒருவரும் பார்த்ததில்லை. தமயந்தி போய்க் கேட்டபோது செல்வராஜ் சிரித்தாராம். அந்தக் காலத்திலேயே தகுதி பார்த்தா கொடுத்தார்கள் என்றாராம். அதை என்னிடம் சொல்லும்போது அவள் அழவில்லை.

கிரெக்கின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அவர் கையெழுத்துப் போடுவதற்கு முந்தைய நாள், ஞாயிற்றுக்கிழமை, செல்வராஜ் ஹென்டர்சனில் உள்ள தன் வீட்டில் விருந்து வைத்தார். ஆரணியிலிருந்து வந்திருந்த அவருடைய அத்தை மரகதத்தை, பக்ஷி வம்சத்தின் மூத்த வாரிசு என்று கிரெக்குக்குக் காட்ட வேண்டுமாம். பரிமாற ஆள் வேண்டுமென்று தமயந்தியையும் என்னையும் கூப்பிட்டிருந்தார்.

அவர் பிரியாணி எடுக்கச் சமையலறைக்குப் போன நேரம் பார்த்து, படைக்குச் சம்பளம் கொடுத்த உங்கள் முன்னோரைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கிரெக் அத்தையிடம் ஆர்வமாகக் கேட்டார். தமயந்தி அதைத் தமிழில் சொன்னாள்.

“படையா? யாரு சொன்னா?” என்றார் மரகதம். “எங்கப்பா காடை, கௌதாரி புடிச்சு சந்தையில விப்பாரும்மா. அதான் பட்சி வீடுன்னு பேரு. அதுல வந்த காசுலதான் செல்வராஜ் அப்பன காலேஜுல படிக்க வச்சாரு.”

தட்டோடு வந்த செல்வராஜ் வாசலிலேயே நின்றுவிட்டார். பறவையைக் குறிக்கும் பட்சியைக் கொஞ்சம் சமஸ்கிருதமாக எழுதி, நவாபின் அதிகாரியாக்கி, அதை வைத்து வேலையும் வாங்கிய மனிதர். அப்படியே மொழிபெயர்த்துவிடாதே என்று கண்ணாலேயே தமயந்தியைக் கெஞ்சினார். நேற்றுவரை அவளை ஏறெடுத்துப் பார்க்காத கண்.

தமயந்தி உள்ளதை உள்ளபடி சொன்னாள். கிரெக்குக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நல்ல கதை, நல்ல கதை என்றார். அவ்வளவுதான். ஏமாந்ததுகூட அவருக்கு ஒரு பொழுதுபோக்கு.

செல்வராஜுக்கு மூச்சு வந்தது. எல்லாம் ஒரு தமாஷ்தான் என்பதுபோல் அவரும் சேர்ந்து சிரித்தார். அப்போதுதான் தமயந்தி அவர் பக்கம் திரும்பினாள்.

“அண்ணை, உங்கட தாத்தா வித்த கூட்டுக்குள்ள காடையாவது இருந்தது. நீங்கள் விக்கிற கூட்டுக்குள்ள அகிலே இல்லை.”

என்ன சொன்னாய் என்று கிரெக் கேட்டார். அதையும் அவள் ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னாள்.

“அகிலா? யார் அது?” என்றார் கிரெக், கையில் தட்டோடு.

மறுநாள் அவர் கையெழுத்துப் போடவேண்டிய ஆளின் பெயர் அது. செல்வராஜ் கிரெக்கின் தட்டில் இன்னும் கொஞ்சம் பிரியாணி போட்டார். மரகதம் மட்டும், பையன் ஏன் சாப்பிடாம நிக்கிறான் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பதவி தமயந்திக்குக் கிடைத்தது. அகிலின் பெயர் சம்பளப் பட்டியலிலிருந்து போனது. செல்வராஜ் இன்னும் அதே அறையில்தான் இருக்கிறார். அந்தப் பெண்ணின் திறமையைக் கண்டுபிடித்து ஆளாக்கியதே நான்தான் என்று சங்கத்தில் சொல்லித் திரிகிறாராம்.