பந்தல் வாசலில் பெரியப்பா

அம்பத்தூர் எஸ்டேட்டில் போல்ட்டு, நட்டு செய்யும் கம்பெனி ஒன்றில் பெரியப்பா வாசல் காவலராக இருந்தார். வேலை முடிந்து போகிறவர்களின் பையைத் திறந்து பார்த்து அனுப்ப வேண்டும். ஓய்வு பெற்ற மறு வருடமே அவருக்கு ஞாபகம் பிசக ஆரம்பித்தது. கம்பெனி அவரை விட்டுவிட்டது, அவர்தான் கம்பெனியை விடவில்லை. கொரட்டூர் ஸ்டேஷன் வாசலில் நின்றுகொண்டு, முன்பின் தெரியாதவர்களின் பையைத் திறக்கச் சொல்வார். அதற்காக இரண்டு முறை அடியும் வாங்கியிருக்கிறார்.

எழுபதுகளின் நடுவில், நான் பாவாடையை இழுத்து இழுத்துச் செருகிக்கொண்டு திரிந்த எட்டு வயதில், அக்காவுக்குக் கல்யாணம் வந்தது. வீட்டு வாசலிலேயே பந்தல். மாப்பிள்ளை வீட்டாருக்குக் கோபம் மூக்கின் மேல் என்று கேள்வி. அதனால் அன்று ஒரு நாள் மட்டும் பெரியப்பாவை அறையில் வைத்துப் பூட்டிவிடலாம் என்றார் அப்பா.

பெரியம்மா விடவில்லை. "பூட்டி வெக்க அவுரு இன்னா பீரோவா? கூட நான் கீறேன் தம்பி. யார மறந்தாலும் அவுரு என்ன மறக்க மாட்டாரு. நான் சொன்னா கேப்பாரு."

பெரியம்மாவிடம் வாதாடி ஜெயித்தவர்கள் எங்கள் வீட்டில் கிடையாது.

தாலி கட்டும் வரை பெரியப்பா தங்கமாக உட்கார்ந்திருந்தார். பந்தி முடிந்து மாப்பிள்ளை வீட்டார் கிளம்பியபோதுதான் வந்தது வினை. கும்பலாக வெளியே போகிறவர்களைக் கண்டதும் எழுந்து போய்ப் பந்தல் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். முதலில் வந்தவர் மாப்பிள்ளையின் தாய்மாமன்.

"பைய தொறந்து காட்டுப்பா," என்றார் பெரியப்பா.

தாய்மாமன் பையைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டார். பந்தியில் நாலு லட்டை இலையில் மடித்து அதில் வைத்ததை நான் பார்த்திருந்தேன். "எங்களத் திருடங்கன்னு நெனச்சீங்களா?" என்று அவர் கத்தினார். கல்யாணம் அன்றே முறிந்துவிடும் என்று எனக்குப் பயமாக இருந்தது.

பெரியம்மா தாம்பூலக் கூடையோடு வந்தார். ஓடி வரவில்லை, நிதானமாக நடந்துதான் வந்தார். பெரியப்பாவின் காதருகே, "பாத்து முடிச்ச பையில அடையாளத்துக்கு இத போட்டு உடுங்க," என்று ஒரு தேங்காயைக் கையில் கொடுத்தார். பிறகு தாய்மாமனைப் பார்த்துச் சிரித்து, "அண்ணே, எங்க ஊட்டுப் பெரியவரு கையால தாம்பூலம். பைய நல்லா தொறங்க," என்றார்.

தாய்மாமனுக்கு வேறு வழியில்லை. பெரியப்பா உள்ளே எட்டிப் பார்த்தார். இலைப் பொட்டலத்தை நன்றாகவே பார்த்தார். அதன் மேலேயே தேங்காயை வைத்து, "சரி, போ," என்றார்.

அப்புறம் எல்லாரும் தாங்களாகவே பையைத் திறந்துகொண்டு வரிசையில் நின்றார்கள். பெண் வீட்டுப் பெரியவரே வாசலில் நின்று தாம்பூலம் தருகிறாரே, என்ன மரியாதை என்று சம்பந்தியம்மாள் மெச்சிக்கொண்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கூட்டம் கலைந்ததும், "வாங்க, சாப்புடலாம்," என்று பெரியம்மா அவர் கையைப் பிடித்தார். பெரியப்பா கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார்.

"யாரும்மா நீ? புதுசா சேந்தியா? கூடைய காட்டு."

பெரியம்மா அப்படியே நின்றார். பிறகு, "ஆமாங்க, புதுசுதான்," என்று கூடையை நீட்டினார்.

அதில் ஒரே ஒரு தேங்காய் மிச்சமிருந்தது. பெரியப்பா அதை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். "சீக்கிரம் கெளம்பும்மா. ஊட்ல தேடுவாங்க," என்றார், அன்பாகத்தான்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பெரியம்மா தெருவில் இறங்கி, பக்கத்துச் சந்து வழியாகக் கொல்லைப்புறம் வந்து, தொட்டித் தண்ணீரை மொண்டு முகம் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார். நானும் பின்னாலேயே ஓடிப்போய் நின்றேன்.

"ரெண்டு பேரும் சூப்பரா நடிச்சீங்க பெரிம்மா."

"ரெண்டு பேருமா?" என்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

ஆமாம் என்று பலமாகத் தலையாட்டினேன். அதை ஏன் கேட்டார் என்று எனக்கு அன்று தெரியவில்லை.