கறுப்புக் காரின் பானெட்

என் மனைவியின் மார்பிலிருந்த கட்டிக்குப் பரிசோதனை முடிவு வரும் நாள் அது. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்கு அவளுடைய அக்காதான் கூடப் போனாள். நானும் வருகிறேன் என்றதற்கு, "நீங்க வந்தா உங்களையும் நாந்தான் பாத்துக்கோணும். பேசாம ஷெட்டத் தொறங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டாள்.

கோவிந்தாபுரத்தில் ரோட்டோரமாக என் கார் பாலிஷ் ஷெட். அன்றைக்கு மளிகைக்கடை பாயின் கறுப்புக் கார் வந்திருந்தது. மறுநாள் அவர் மகளுக்கு நிக்காஹ். வண்டி பளபளக்க வேண்டுமென்று பெஞ்சிலேயே உட்கார்ந்துகொண்டார்.

பாலிஷ் மெஷின் ஒரே இடத்தில் நின்றால் சூடேறி பெயிண்ட் கருகிவிடும். விளிம்புகளில் பூச்சு மெல்லிசு. மெஷின் முனையில் சுழலும் பேட் கொஞ்சம் சாய்ந்தாலும் அடியிலிருக்கும் பிரைமர் வெளியே தெரியும். கறுப்பில் அது இன்னும் அசிங்கம். அதனால் விளிம்பெல்லாம் டேப் ஒட்டி, வேகத்தைக் குறைத்து, பேட்டைப் படிய வைத்துக் கையை நகர்த்திக்கொண்டே இருப்பேன். நடுநடுவே புறங்கையால் தொட்டுச் சூடு பார்ப்பேன். யோசிக்காமலே கை செய்கிற வேலை.

அன்றைக்கு அந்தக் கை சொன்னபடி கேட்கவில்லை. சட்டைப் பையில் போன். மெஷினின் அதிர்வு மார்புக்கு ஏறும்போதெல்லாம் போன்தான் அடிக்கிறது என்று நிறுத்துவேன். எடுத்துப் பார்த்தால் ஒன்றுமிருக்காது. கதவுகளை எப்படியோ முடித்துவிட்டுப் பானெட்டுக்கு வந்தேன். இந்நேரம் டாக்டர் உள்ளே கூப்பிட்டிருப்பாரா? அக்காவை வெளியே நிறுத்திவிட்டால் தனியாகக் கேட்பாளே...

"தம்பி, கை நின்னுபோச்சு!"

பாயின் சத்தத்தில் மெஷினைத் தூக்கினேன். தகடு சுட்டது. டேப்பின் ஓரம் சுருண்டிருந்தது. ஆறட்டும் என்று விட்டுத் துடைத்துப் பார்த்தேன். கறுப்பு கறுப்பாகவே இருந்தது. ஆனாலும் அதே இடத்தைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"என்னாச்சு உங்களுக்கு?"

சொன்னேன். அவர் எழுந்து வந்து கையை நீட்டினார். "போனை இங்க குடுங்க. அடிச்சா நான் எடுக்கறேன்."

மறுபடி மெஷினைப் போட்டேன். பாதி பானெட்டில் இருக்கும்போது அவர் கையைத் தூக்கிக் காட்டினார். நிறுத்தினேன். போனைக் காதில் வைத்திருந்தார். நான் என்று நினைத்து என் மனைவி அந்தப் பக்கம் படபடவென்று பேசிக்கொண்டிருந்தாள். அவர் 'ம்' கொட்டிக்கொண்டே இருந்து கடைசியில் "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

"ஏனுங்க, யாருங்க அது?" என்று அவள் அலறியது எனக்கே கேட்டது.

"சாதாரணக் கட்டிதானாம் தம்பி. பயப்பட ஒண்ணுமில்லியாம்."

சிமெண்டுத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் எழுந்து மெஷினைத் தேடினேன். பாய் பிளக்கைப் பிடுங்கிவிட்டார்.

"பாதிதானுங்க பாய் ஆயிருக்குது."

"மீதி பூவுக்கு அடியில போயிரும். வீட்டுக்காரியக் கூட்டியாரப் போங்க."

மறுநாள் நிக்காஹுக்கு இருவரும் போனோம். பானெட்டின் மங்கலான பக்கத்தை ரோஜாச் சரம் மூடியிருந்தது. காற்றில் சரம் அசையும்போதெல்லாம் நான் எழுந்து எழுந்து பார்த்தேன். என் மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காருங்க. பிரியாணி ஆறுது."