துடைக்க ஆகாத கிழமைகள்

என் கைப்பையில், குடைக்கும் மாத்திரை டப்பாவுக்கும் நடுவே, நான்காக மடித்த ஒரு சாம்பல் நிறத் துணி கிடக்கிறது. பூனை முதுகு மாதிரி மெத்தென்று இருக்கும். டாக்டரம்மாவின் மின்சாரக் கார் வந்த அன்று வண்டியோடு கொடுத்தது. முன்னால் இருக்கும் பெரிய ஸ்கிரீனில் விரல் தடம் விழுந்தால் துடைக்க. அவர் அதை என் கையில் திணித்து, "இந்தா, இது உன் டூட்டி" என்றார். காரும் இப்போது இல்லை, அவரும் ஊரில் இல்லை. துணி மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. பையில் வேறு எதையாவது தேடும்போது கையில் படும். பட்ட உடனே, நான் செய்தது சரியா தப்பா என்ற பழைய குழப்பமும் கூடவே எழுந்து உட்கார்ந்துகொள்ளும்.

தில்லை நகரில் அவருடைய குழந்தைகள் கிளினிக்கில் இருபத்தாறு வருஷம் டோக்கன் கொடுத்தேன். பள்ளிக்கூடம் எனக்கு எட்டாவதோடு சரி. மீதியை எல்லாம் அந்தப் பெஞ்சுகளில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்த அம்மாக்களிடம் பேசிப் பேசித்தான் படித்தேன். மண்ணச்சநல்லூர்ப் பக்கமிருந்து வந்த ஒரு அம்மா, "சிரிக்குதுங்க, ஆனா உள்ளுக்குள்ள சிரிக்கல" என்று தன் பிள்ளையைப் பற்றிச் சொன்னதை டோக்கன் சீட்டின் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். டாக்டரம்மா அதைக் கேட்டுவிட்டுத்தான் அந்தப் பிள்ளைக்கு ரத்தப் பரிசோதனை எழுதினார். அவருக்கும் எனக்கும் வீடு ஸ்ரீரங்கம். தினமும் காலையில் அவர் காரிலேயே போவேன், முன் இருக்கையில். முதல் நாள் மரியாதைக்குப் பின்னால் ஏறப் போனவளை, "பின்னாடி உக்காந்தா நான் உனக்கு டிரைவர் ஆயிடுவேன்" என்று முன்னால் இழுத்துப் போட்டார்.

அந்தப் புதுக் காரைப் புனேயில் இருக்கும் அவர் மகன் வாங்கிக் கொடுத்தார். டாக்டரம்மாவின் கணவர் இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அம்மாவைத் தன்னோடு வந்துவிடச் சொல்லி அலுத்துப்போய், சரி, வண்டியாவது அம்மாவைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று வாங்கியது. ஷோரூம்காரர் ஒரு மணி நேரம் விளக்கினார். வண்டிக்குள்ளேயே ஒரு சிம் இருக்கிறதாம், எப்போதும் இன்டர்நெட்டில் இருக்குமாம். எங்கே நிற்கிறது, எவ்வளவு சார்ஜ் என்று மகனுடைய போனிலும் தெரியுமாம். கோடு தாண்டினால் டிங் என்று சொல்லும், முன்னால் யாராவது வந்தால் தானே பிரேக் போடும். இருவரும் எல்லாவற்றுக்கும் தலையாட்டினோம். வெளியே வந்ததும் டாக்டரம்மா, "உனக்கு என்ன புரிஞ்சுது?" என்று கேட்டார். "சார்ஜ் போடணும்ங்கறது புரிஞ்சுதும்மா" என்றேன். "எனக்கும் அவ்ளோதான்" என்றார்.

முதல் மாதம் முழுக்க வேடிக்கைதான். பாட்டுப் போடச் சொன்னால் ஏசி கூடும். ஏசியைக் குறைக்கச் சொன்னால் வானிலை சொல்லும். ஒரு நாள் சத்திரம் பஸ் ஸ்டாண்டு சிக்னலில் கண்ணாடியை இறக்கிவிட்டு நிற்கும்போது ஒரு அம்மாவின் போன் வந்தது. கார் அதை எடுத்து எல்லா ஸ்பீக்கரிலும் போட்டுவிட்டது. "டாக்டர், பாப்பாக்குப் பச்சைப் பச்சையா போகுது" என்று சிக்னல் முழுக்கக் கேட்டது. டாக்டரம்மா ஸ்கிரீனில் எதையோ தட்ட, சத்தம் இன்னும் கூடியது. பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் எங்கள் கிளினிக் வாசல் ஆட்டோ ஸ்டாண்டு பாய்தான். நிதானமாகத் தலையை நீட்டி, "உப்பு சர்க்கரைத் தண்ணி குடுக்கச் சொல்லுங்கம்மா, நீங்க எப்பவும் அதத்தான சொல்லுவீங்க" என்றார். டாக்டரம்மா சிரித்த சிரிப்பில் சிக்னல் விழுந்ததே தெரியவில்லை.

நம் ஊர்ச் சாலைக்கு அந்த டிங் பொருந்தவே இல்லை. காவேரிப் பாலத்தில் இரண்டு பக்கமும் பைக்குகள் உரசிக்கொண்டு போகும். அது ஓயாமல் பதறும். "புதுசா கட்டிக்கிட்டு வந்த மருமக மாதிரி. நம்ம வீட்டுச் சத்தத்துக்குப் பழகல" என்பார் டாக்டரம்மா. அம்மாமண்டபம் ரோட்டில் பூக்கூடையோடு குறுக்கே வந்த ஒரு பெண்ணுக்கு வண்டி தானே நின்றபோது, "பாத்தியா, மருமகளுக்குப் பொறுப்பு இருக்கு" என்றும் சொன்னார்.

கொஞ்சம் கொஞ்சமாக வேறு சிலதையும் பார்த்தேன். பழைய காரில் திரும்பும்போது கழுத்தை வளைத்து இரண்டு பக்கமும் பார்ப்பார். இதில் பார்ப்பதை விட்டுவிட்டார். "சொல்லுச்சா?" என்று என்னைக் கேட்பார். இல்லை என்றால்தான் திருப்புவார். முப்பது வருஷமாகப் போய்வரும் பாதைக்கு மேப் போட ஆரம்பித்தார். ஸ்ரீரங்கத்துக்காரர் தில்லை நகருக்கு வழி கேட்கிறாரே என்று கேலி செய்தேன். அவர் சிரிக்கவில்லை. அது ஏன் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். பெரியவர்கள் புது மிஷினோடு விளையாடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் ஆயுத பூஜை புதன்கிழமை வந்தது. கிளினிக்கில் எடை மிஷினிலிருந்து ஸ்டெதஸ்கோப் வரை பொட்டு வைப்பது என் வேலை. பூஜை முடிந்து டாக்டரம்மா வீட்டு ஷெட்டில் காருக்கும் வைத்தேன். பானெட்டில் பெரிதாக ஒன்று, சக்கரத்துக்கு ஒவ்வொன்று. முன் பம்பரில் சின்னச் சின்ன வட்டங்கள் வரிசையாக இருந்தன, பொட்டு வைப்பதற்கென்றே செய்து வைத்த மாதிரி. ஒன்றையும் விடவில்லை. முன் கண்ணாடியின் உச்சியில், நடுவில், நெற்றி மாதிரி ஒரு இடம். அங்கே கட்டைவிரலால் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். தள்ளி நின்று பார்க்க அம்சமாக இருந்தது. அந்த வட்டங்கள்தான் சென்சார் என்பதும், அந்த நெற்றிக்குப் பின்னால்தான் கேமரா இருக்கிறது என்பதும் எனக்கு எப்படித் தெரியும்?

வெள்ளிக்கிழமை காலை வண்டியைக் கிளப்பியதும் ஸ்கிரீனில் மஞ்சளாக ஏதேதோ எழுத்து வந்தது. டாக்டரம்மா அதை இரண்டு தடவை படித்தார். ஷோரூமுக்குப் போன் போட்டோம். அந்தப் பக்கம் பேசியவர் கேமராவை எதுவோ மறைக்கிறது, துடைத்தால் சரியாகிவிடும், மற்றபடி சாதாரணக் கார் மாதிரி ஓட்டலாம், ஒன்றும் பயமில்லை என்றார். "நேரமாச்சு, போலாம்" என்று இவர் எடுத்துவிட்டார். கார் அன்று ஒரு டிங் கூடச் சொல்லவில்லை. அவரும் "சொல்லுச்சா?" என்று கேட்கவில்லை. அம்மாமண்டபம் ரோட்டில் ஏறத் திரும்பினோம். இடது பக்கத்திலிருந்து தயிர் கேனைக் கட்டிக்கொண்டு ஒருவர் சைக்கிளில் நேராக வந்தார். மறைவு எதுவும் இல்லை. வெயிலில், கண் முன்னால் வந்தார். டாக்டரம்மா நிறுத்தவில்லை. நான் கத்தினேன். பிரேக் விழுந்தபோது சைக்கிள் சாய்ந்து, கேன் உருண்டு, ரோடெல்லாம் தயிர்.

தயிர்க்காரருக்கு முழங்கை மட்டும் சிராய்ந்திருந்தது. டாக்டரம்மாவே கட்டுப் போட்டார். சிந்தின தயிருக்குக் கொடுத்ததைக்கூட அந்த மனிதர் வாங்க யோசித்தார். "நான் எதிர்லதான வந்தேன், என்னையத்தான பாத்துக்கிட்டு வந்தீங்க?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. அவர் போன பிறகு காரில் ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி டாக்டரம்மா சொன்னார்.

"இடது பக்கம் எனக்கு ரொம்ப நாளா இல்ல."

கண்ணில் பிரஷர். ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டே வருமாம். சொட்டு மருந்து போடுகிறாராம், போனது திரும்பாதாம். நேரே வைத்துப் பார்க்கும் குழந்தையின் முகம் நன்றாகத் தெரிகிறது, பக்கத்தில் வருவதுதான் தெரியவில்லை. மகனுக்குத் தெரிந்தால் அடுத்த வாரமே புனேதான், கிளினிக்குக்குப் பூட்டுதான். எட்டு மாதமாக அந்தப் பக்கத்தை இந்தக் கார்தான் அவருக்காகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. பத்திரமாக வண்டியை வீட்டுக்குத் திருப்பி நிறுத்த என்னை இடது பக்கம் பார்த்துச் சொல்லச் சொன்னார். ஷெட்டில் நிறுத்திவிட்டு, "அந்தத் துணிய எடு. பொட்டத் தொடைச்சு விடு. மறுபடியும் அது சொல்லும்" என்றார்.

துணியைக் கையில் எடுத்தேன். எடுத்தவள் நின்றுவிட்டேன். நானும்தான் கண்ணாடி போட்டுக்கொண்டு டோக்கன் நம்பர் எழுதுகிறேன். என் கண்ணுக்குக் கண்ணாடி, அவர் கண்ணுக்குக் கார், இதில் என்ன குற்றம்? எட்டு மாதம் ஒருவருக்கும் கீறல் படவில்லையே. ஆனால் ஒரு பொட்டுச் சந்தனத்துக்குக் கண் மூடிக்கொள்கிற ஒன்றை நம்பி, ஸ்கூல் விடுகிற நேரத்தில் அந்தப் பாலத்தில் எப்படிப் போவது? வேண்டாம் என்று அவர் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் வேறொன்று வந்தது. "வெள்ளிக்கிழமைங்கம்மா, ஏகாதசி வேற. பூஜைக்கு வச்ச பொட்ட இன்னைக்கு அழிக்கக் கூடாது."

அவருக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தாயத்தோடு வருகிறவர்களைக் கிண்டல் செய்கிறவர். என்னைப் பார்த்தார், சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டார். பாயின் ஆட்டோவில் போனோம். மறுநாள் புரட்டாசிச் சனிக்கிழமை என்றேன். திங்கட்கிழமை, பௌர்ணமி கிட்டே வருகிறது என்றேன். செவ்வாய்க்கிழமைக்குச் செவ்வாய்க்கிழமையே போதுமாயிருந்தது, பௌர்ணமியும் சேர்ந்துகொண்டது. பாய் மட்டும் தினமும் உற்சாகமாக இருந்தார். "நம்ம வண்டில ஸ்கிரீன் எதுவும் இல்லம்மா. ஆனா சொல்றதுக்கு நான் இருக்கேன்" என்பார். டாக்டரம்மா வெளியே பார்த்துக்கொண்டு வருவார், வலது பக்கமாக.

புதன்கிழமைக்கு எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. காலையில் போனபோது அவர் காரின் பக்கத்தில் நின்றிருந்தார், சாவி கையில். "உன் பஞ்சாங்கத்துல தொடைக்கிற நாளே கிடையாதா?" என்று கேட்டார். குரலில் சிரிப்பும் இருந்தது, இன்னொன்றும் இருந்தது. அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. மகன். "ஆன்ட்டி, கார் அஞ்சு நாளா நகரவே இல்லைன்னு காட்டுது. அம்மாகிட்ட கேட்டா நல்லா இருக்கேன்னு மட்டும் சொல்றாங்க. நீங்களாச்சும் சொல்லுங்க, என்ன விஷயம்?"

சார்ஜ் கோளாறு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், நாக்கு நுனியில் இருந்தது. உண்மையைச் சொல்லவும் எனக்கு உரிமை இல்லை. போனை அவர் பக்கம் நீட்டி, "நீங்களே பேசுங்கம்மா" என்றேன். அவர் வாங்கவே மாட்டார் போலிருந்தது. பிறகு வாங்கி, காருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, "தம்பி, அம்மாவுக்கு ஒரு பக்கம் தெரியலடா" என்றார்.

மகன் வந்தார், பெரிய ஆஸ்பத்திரிக்கெல்லாம் அழைத்துப் போனார். பாயின் ஆட்டோவில் இன்னும் ஒரு வருஷம் கிளினிக் ஓடியது. பிறகு புனே. காரை வாங்கியவரின் ஆள் எடுத்துப் போக வந்த அன்று நானும் ஷெட்டில் நின்றேன். காய்ந்து வெடித்திருந்த சந்தனத்தை ஈரத் துணியால் ஒரே இழுப்பில் துடைத்தார். என்ன கிழமை என்று அவர் யோசிக்கவில்லை. உள்ளே மஞ்சள் எழுத்து அணைந்தது. டிங் என்றது.

கிளினிக் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. நான் வேறொரு டாக்டரிடம் டோக்கன் கொடுக்கிறேன். வழியில் பார்க்கிற அம்மாக்கள், பெரிய டாக்டர் எப்ப வருவாங்க என்று கேட்கும்போது, அன்றைக்கே துடைத்திருந்தால் இன்னும் அவர் இங்கே இருந்திருப்பாரோ என்று தோன்றும். சைக்கிளில் தயிர் கேனைப் பார்த்தால் அந்த நினைப்பு அப்படியே தலைகீழாகிவிடும். நான் செய்தது சரியா என்று ஒருமுறை டாக்டரம்மாவிடமே கேட்டேன். "சரியா இருந்தா எனக்கு இவ்ளோ கோவம் வராது. தப்பா இருந்தா உன்கிட்ட பேசவே மாட்டேன். அதுக்கு மேல எனக்கும் தெரியல" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் புனேயிலிருந்து போன் வரும். மூட்டு வலி, பேரன் படிப்பு எல்லாம் பேசி முடித்து, வைக்கப் போகும்போது கேட்பார். "என்ன, இன்னைக்குத் தொடைக்கலாமா?"

"இன்னைக்கும் ஆகாதுங்கம்மா" என்பேன்.

துணியை எடுத்து என் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொள்வேன். எத்தனையோ தடவை துவைத்தாயிற்று. சந்தனக் கறை மட்டும் அதில் பட்டதே இல்லை.